குழந்தை குளிக்கும்போது மணி அடித்தால்

போன மாதம் எங்கள் எதிர்வீட்டில் ஒரு பஞ்சாயத்து. பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஆண் குழந்தை, பிறந்து பதினெட்டு நாள். தொப்புள்கொடி விழுந்து புண்ணும் ஆறிவிட்டது, இனி தண்ணீர் ஊற்றலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். யார் ஊற்றுவது, எப்படி ஊற்றுவது என்பதில்தான் சண்டை. பெண்ணின் பாட்டி எண்பதை நெருங்குகிறவர். மணையில் உட்கார்ந்து காலை நீட்டிப் போட்டு ஊற்றுவேன் என்கிறார். பெண்ணோ கைப்பேசியில் ஏதோ படம் பார்த்துவிட்டு நீலநிறப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வரவழைத்து வைத்திருக்கிறாள்.

"பாட்டி மூக்குல ஊதுவாங்க, எண்ணெய் விடுவாங்க. எம்புள்ளயத் தொடவிடமாட்டேன்" என்று அவள் அழ, "உங்கம்மாவையும் உன்னையும் இந்தக் கையாலதான்டி ஊத்தி வளத்தேன்" என்று இவர் அழ, நடுவில் அந்த வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். "நீங்க கவர்மெண்ட்ல இருந்தவரு. நாலு விஷயம் தெரிஞ்சவரு. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

முப்பத்து நான்கு வருடம் கோப்பில் குறிப்பு எழுதிய கை என்னுடையது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால், 'தக்க உத்தரவுக்காகப் பணிந்தனுப்பப்படுகிறது' என்று எழுதி மேலே தள்ளிவிடுவோம். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். குழந்தை டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு சங்கதியும் உண்டு. இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் எங்கள் ஆயாவைப் பற்றி. ஆயா என்றால் அப்பாவைப் பெற்றவர். புதுச்சேரியில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். 1956-இல் என் தங்கை பிறந்தபோது எனக்கு ஏழு வயது. ஆயா அவளுக்குத் தண்ணீர் ஊற்றியதை முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு தினமும் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் இருந்த நாட்களில் பாதி பார்த்துவிட்டு ஓடுவேன்.

வெயில் முற்றத்தில் இறங்கிய பிறகுதான் ஆரம்பிப்பார். தென்னமட்டை எரித்துத் தவலையில் வெந்நீர் கொதிக்கும். தனியாக ஓர் அண்டாவில் பச்சைத் தண்ணீர். அந்தப் பச்சைத் தண்ணீரில்தான் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு ஊற்றி விளாவுவார். வெந்நீரை முதலில் ஊற்றிவிட்டுப் பிறகு ஆற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. விளாவியதும் கலக்கிவிட்டு முழங்கையை உள்ளே விடுவார். முழங்கைக்குச் சூடாகவும் தெரியக்கூடாது, சில்லென்றும் தெரியக்கூடாது. அடுப்பில் காய்ந்துபோன உள்ளங்கையை ஆயா இந்த வேலைக்கு நம்பியதே இல்லை.

பிறகு மணையில் உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு மேலே ஏற்றிச் செருகி, இரண்டு காலையும் சேர்த்து நீட்டிக்கொள்வார். குழந்தை அந்தக் கால்களின் மேல், தலை பாதத்துப் பக்கம். அம்மா செம்பில் மொண்டு கொடுக்க, அத்தை துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, ஆயாவின் இடது கை ஒரு கணமும் குழந்தையை விட்டு எடுபடாது. வாசலில் யாராவது கூப்பிட்டால், "தண்ணி ஊத்துறோம்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் போகும். வந்தவர் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். தபால்காரரானாலும் சரி, கடன்காரரானாலும் சரி. அது ஊருக்கே தெரிந்த சட்டம்.

இவ்வளவும் நல்லது. ஆனால் ஆயா வேறு சிலதும் செய்தார். தேங்காயெண்ணெய் தடவி இதமாகப் பிடித்துவிடுவதில் தவறில்லை. இன்றைக்கு டாக்டர்களும் அதை வேண்டாம் என்பதில்லை. மண்டையை உருட்டி அழகு பண்ணுவதும், மூக்கைக் கிள்ளி எடுப்பாக்குவதும்தான் வீண் வேலை. பிரசவத்தில் நீண்டுபோன மண்டை தானாகவே உருண்டையாகிவிடும். மூக்கு அப்பாவைப் போல வேண்டுமா அம்மாவைப் போல வேண்டுமா என்பதெல்லாம் கருவிலேயே எழுதி முடிந்துவிட்டது. (எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் கிள்ளிவிட்ட மூக்குதான். என்னை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் பலன் தெரியும்.) பிறந்த குழந்தையின் மார்பு சில சமயம் வீங்கியிருக்கும், ஒரு சொட்டுப் பால் கூட வரும். தாயின் உடம்பிலிருந்து வந்த சுரப்பினால் ஏற்படுவது, தானே அடங்கிவிடும். அதைப் பிதுக்கினால் சீழ் பிடிக்கும். ஆயா பிதுக்குவார். மூக்கில் வாயை வைத்து ஊதிச் சளி எடுப்பார். பெரியவர் வாயில் இருக்கிற கிருமியெல்லாம் நேரே குழந்தையின் மூச்சுக்குள் போகிற வழி அது. கடைசியில் தணல் போட்ட தூபக்கால் மேல் குழந்தையைக் காட்டி, புகையில் முகமே தெரியாமல் செய்வார். விறகடுப்புக்கு முன்னால் ஒரு நாள் முழுதும் உட்கார்ந்துவிட்டு இருமுகிற நமக்கு, பிறந்து இருபது நாள் ஆன நுரையீரலுக்குப் புகை ஆகாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பவுடரும் அப்படித்தான். தட்டும்போது பறக்கிற தூளைக் குழந்தை மூச்சோடு இழுக்கிறது.

ஊற்றி முடித்ததும் தங்கை மூன்று மணி நேரம் அசையாமல் தூங்குவாள். வெந்நீரின் மகிமை என்பார்கள். அழுது அழுது களைத்துப்போய்த் தூங்கினாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு: பொருள்களைக் காட்டிச் சொல்லித்தருவது. அதில் ஒருநாள் வாத்தியார் கரும்பலகையில் பஸ்தேரின் பெயரை எழுதி, கண்ணுக்குத் தெரியாத மிக்ரோப்களைப் பற்றிச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து, "ஆயா, உன் வாயில மிக்ரோப் இருக்கு, பாப்பா மூக்குல ஊதாதே" என்றேன். "எவாயில பொய்தான்டா இல்ல, வேற எது இருந்தா என்ன?" என்று சொல்லிவிட்டு ஊதினார்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பம். அந்த வீட்டு அம்மாளை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தன் பேரனைக் குளிப்பாட்ட, வெள்ளைப் பூச்சுப் பூசிய இரும்புத் தொட்டி வைத்திருந்தார். மரச்சட்டத்தில் பொருத்திய தெர்மாமீட்டர் ஒன்று தண்ணீரில் மிதக்கும். அதில் 37-க்கு நேரே ஒரு சிவப்புக் கோடு. எனக்கு அது பெரிய அதிசயம். ஆனால் ஒன்று கவனித்தேன். தெர்மாமீட்டர் 37 காட்டின பிறகும் மதாம் தன் முழங்கையை விட்டுப் பார்ப்பார், அதற்கப்புறம்தான் குழந்தையை இறக்குவார். சைகோன் பார்த்தவரும் எங்கள் ஆயாவும் கடைசியில் நம்பியது அந்த முழங்கையைத்தான். எதிர்வீட்டு நீலத் தொட்டியைப் பார்த்தபோது எனக்கு மதாம் நினைவுதான் வந்தது.

இப்போது ஒரு விஷயம். ஆயா இவ்வளவு செய்தாரே, என் தங்கைக்கு மூக்கில் மட்டும் எண்ணெய் விடவில்லை. மற்ற வீடுகளில் விட்டார்கள். எங்கள் வீட்டில் இல்லை. காரணம் எனக்கு வெகுகாலம் தெரியாது.

1980-களில் இரண்டு வருடம் என்னைப் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் போட்டார்கள். எங்கள் ஊரில் அதை இன்றும் 'எத்தா சிவில்' என்றுதான் சொல்கிறார்கள். பழைய பதிவேடுகள் பிரெஞ்சில் இருக்கும். பிரான்சுக்குப் போகிறவர்கள், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் நகல் கேட்டு வருவார்கள். எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் அந்த வேலை எனக்கு. ஒரு மத்தியானம் யாருக்கோ தேடிக்கொண்டு 1953-ஆம் வருட இறப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது என் அப்பாவின் பெயர் கண்ணில் பட்டது. அறிவித்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து. இறந்தது ஓர் ஆண் குழந்தை. 'அஜே தெ கராந்த் ஜூர்' என்று எழுதியிருந்தது. வயது நாற்பது நாள்.

எனக்கு ஒரு தம்பி பிறந்து இறந்தான் என்று அரைகுறையாகத் தெரியும். அவனுக்குப் பெயர் வைத்திருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பதிவேட்டில் ஊர், நாள், மணி, அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் இருக்கும். எதனால் இறந்தான் என்பது இருக்காது. அந்தக் காலத்துப் படிவத்தில் அதற்கு இடமில்லை. சாயந்திரம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: "மூக்குல எண்ணெ விட்டப்ப புரையேறிச்சு. ரெண்டு நாள்ல மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. நெஞ்சுல கபம் கட்டிக்கிச்சுன்னாங்க. அதுக்கப்பறம் உங்க ஆயா எந்தக் கொழந்தைக்கும் மூக்குல எண்ணெ விடல. நானும் ஒண்ணும் கேக்கல."

அந்த எண்ணெய்தான் காரணமா என்று எழுபது வருடம் கழித்து எந்த டாக்டரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ விதத்தில் குழந்தைகள் போயின. அந்தப் பதிவேட்டில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆனால் மூக்கில் விடுகிற எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதை உடம்பால் சுலபமாக வெளியேற்ற முடியாது, ஒருவகை நிமோனியா வரும் என்பது மருத்துவம் தெளிவாகச் சொல்வது. ஆயாவுக்கு நிமோனியா என்ற சொல்லே தெரியாது. பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் இல்லை. ஆனாலும், யாரும் சொல்லாமல், தன் கையைத் தானே பார்த்து, ஒரு வழக்கத்தை நிறுத்திக்கொண்டார்.

'அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம், என்ன ஆகிவிட்டது?' என்று நம் வயதுக்காரர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். வளர்ந்தவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும். நாற்பது நாளில் போனவன் வந்து சொல்லமாட்டான். அதே சமயம், பாட்டிக்கு ஒன்றும் தெரியாது, தொட்டி வாங்கிவிட்டால் போதும் என்று சின்னவர்கள் சொல்வதும் எனக்கு ஒப்புதல் இல்லை. அதற்கான காரணம் என் சொந்தக் குற்றம். அந்தச் சங்கதி இதுதான்.

2009. என் மகன் வயிற்றுப் பேத்திக்கு ஒன்பது மாதம். நன்றாக உட்காருவாள். குளியலறையில் தொட்டியில் உட்கார்த்தி வைத்தால் தண்ணீரை அடித்து விளையாடுவாள். தண்ணீர் அவள் இடுப்பளவுகூட இல்லை, நான்கு விரற்கடைதான். மருமகள் துண்டும் மாற்று உடையும் எடுக்க மாடிக்குப் போனாள். "மாமா, பாத்துக்குங்க" என்றாள். நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் மணி அடித்தது. கேஸ் சிலிண்டர்காரர். இரண்டு நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த சிலிண்டர். மறுபடி அடித்தார். விட்டால் போய்விடுவார். எழுந்துபோய்க் கதவைத் திறந்து, "ஒரு நிமிஷம் இருப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான். அரை நிமிடம் இருக்குமா? இருக்காது.

நான் திரும்பியபோது மருமகள் குளியலறை வாசலில் இருந்தாள். குழந்தை அவள் தோளில். பக்கவாட்டில் சரிந்து முகம் தண்ணீரில் இருந்திருக்கிறது. இருமி, வாந்தியெடுத்து, பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைப் போல இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் என்னை இன்றும் உலுக்குவது. வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது குழந்தை எப்படிக் கூப்பிடும்? அந்த வயதில் உடம்புக்குத் தலை பாரம். சரிந்தால் தானாகத் தூக்கிக்கொள்ள முடியாது. ஒரு சாண் ஆழம்கூட வேண்டியதில்லை, மூக்கும் வாயும் முங்குகிற தண்ணீர் போதும்.

மருமகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மாமா, அந்தத் துண்டை எடுங்க" என்றாள். டாக்டரிடம் காட்டி, பயமில்லை என்று தெரிந்த பிறகும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு குழந்தை குளிக்கும்போது என்னைக் காவலுக்குக் கூப்பிட்டதே இல்லை. என் மகனிடமும் அவள் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். இதைப் படித்தால் அவனுக்கு இன்றைக்குத் தெரியவரும்.

ஆயாவின் முற்றத்தில் மூன்று பெண்கள் இருந்தார்கள், கடன்காரர் திண்ணையில் காத்திருந்தார். என் வீட்டில் பளிங்குத் தரையும் கீஸரும் நல்ல தொட்டியும் இருந்தன, காவல் இருந்தவன் கேஸ்காரருக்காக எழுந்துபோனான். தொட்டியும், அதற்குள் வைக்கிற இருக்கையும் குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைப்பது வெறும் பிரமை. அவை சாய்ந்துகொள்ள ஓர் இடம், அவ்வளவே. மணி அடித்தால் அடிக்கட்டும். போயே ஆகவேண்டும் என்றால் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். இந்தக் காலத்தில் கேஸ்காரர் அதற்குள்ளேதான் இருக்கிறார்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். இப்போது பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள், பேரப்பிள்ளைகள் நம் கையில். எண்ணெய் தடவிய குழந்தை விரால் மீன் மாதிரி வழுக்கும். நம் முழங்கால் மடங்காது, விரல் நடுங்கும், ஈரத்தரையில் நமக்கே பிடிமானம் இல்லை. கூச்சப்படாமல் ஓர் ஆளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். இடது முன்கையில் கழுத்தும் தலையும், அந்த விரல்கள் குழந்தையின் அக்குளைச் சுற்றிக் கெட்டியாக. வலது கை வேலைக்கு. துண்டு, உடை, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் முதலிலேயே இருக்கட்டும். குழந்தை தொட்டியில் இருக்கும்போது குழாயைத் திறக்கவேண்டாம். கீஸர் தண்ணீர் எப்போது கொதிப்பாக வரும் என்று சொல்லமுடியாது. 60 டிகிரித் தண்ணீர் நம் தோலையே சில நொடிகளில் பொசுக்கிவிடும், குழந்தையின் தோல் அதைவிட மெல்லியது. வாளியில் ஹீட்டர் கம்பியைப் போட்டுச் சுடவைக்கிற வீடுகளில், கம்பியின் பிளக்கைப் பிடுங்கி வெளியே எடுத்துவைத்த பிறகே குழந்தையைக் குளியலறைக்குள் கொண்டுவரவேண்டும். குளித்து முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். தண்ணீர் வராத நாளுக்கென்று நாம் வாளிகளை நிரப்பி வைப்போம், நம் ஊர்ப் பழக்கம். தவழ்கிற, தத்தி நடக்கிற குழந்தை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுவது அந்த வாளியில்தான். குளியலறைக்கு வெளித்தாழ்ப்பாள் உயரத்தில் போட்டுவையுங்கள்.

பிறந்த அன்றே குளிப்பாட்டும் அவசரமும் வேண்டாம். முதல் 24 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பில் வெண்ணெய் பூசினது போல இருப்பது அழுக்கல்ல, தோலுக்குப் பாதுகாப்பு. குழந்தை சூட்டை இழந்து குளிர்ந்துபோவதுதான் அந்த நேரத்தில் ஆபத்து. எடை குறைந்து பிறந்ததென்றால் டாக்டர் சொல்லும்வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மார்கழிக் குளிரில் எந்தக் கைக்குழந்தைக்கும் ஒருநாள் விட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

இதையெல்லாம் மறுநாள் எதிர்வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பேத்தி சம்பவத்தை மட்டும் அங்கே சொல்லவில்லை, தைரியம் வரவில்லை. என் தம்பி கதையைச் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உங்க ஆயா நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டார். "யாரும் சொல்லாமலே நிறுத்திட்டாங்க" என்றேன். "அப்ப நானும் ஊதல, எண்ணெ விடல. உடம்புக்குத் தடவலாமில்ல?" என்றார். பெண் தலையை ஆட்டினாள். தொட்டிதான், ஆனால் பாட்டியின் கை. பாட்டியின் முழங்கால் மணைக்கு ஒத்துழைக்காது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. முற்றத்தில் மர நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, முன்னால் ஸ்டூலில் தொட்டியை வைத்தார்கள். பெண் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள், அவளுடைய அம்மா துண்டோடு. தண்ணீரில் பாட்டி முழங்கையை விட்டார். பெண்ணும் விட்டுப் பார்த்தாள்.

நான் வெளியே வந்து அவர்கள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்துகொண்டேன். அந்த ஒரு வாரமும் தினமும் பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். நாலாம் நாள் கூரியர் பையன் ஒருவன் வந்து மணியில் கையை வைக்கப் போனான். தடுத்துவிட்டேன்.

"கையெழுத்து வேணும் சார், சீக்கிரம்."

"உட்காருப்பா. உள்ளே தண்ணி ஊத்துறாங்க."

ஒரு மாதிரி பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்தான்.